மூக்கு மட்டும் ஏன் அறுபடுகிறது? ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

திருமங்கலத்து ஆசிரியை கேட்டது:

மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். உடலுறுப்புகளின் பெயரால் அமைந்த மரபுத்தொடர்களைப் பயிற்சிக்காகத் தொகுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை. கண்ணுக்குக் ‘கண்ணே’, ‘கண்ணின் மணி’, ‘கண்ணும் கருத்துமாக’ என்று பரிவான தொடர்கள் கிடைக்கின்றன, கை கொடுத்து உதவுகிறது, தோள் சுமை தாங்குகிறது, நெஞ்சு உருகுகிறது. மூக்கோ அறுபடுகிறது, உடைபடுகிறது, வியர்க்கிறது, சிந்தப்படுகிறது. அழுதால்கூட ‘மூக்கால் அழுகிறான்’ என்று இளக்காரமாகவே பேசப்படுகிறது. ‘மூக்கும் முழியுமாக இருக்கிறாள்’ என்ற ஒன்றைத் தவிர அந்த உறுப்பைப் பாராட்டும் தொடர் எதுவும் அவள் எழுதிய பட்டியலில் இல்லை. ‘மூக்கு என்ன பாவம் செய்தது?’ என்று அவள் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது என்றாலும், கேள்வி நல்ல கேள்விதான்.

பாடநூலும் வினா விடை நூல்களும் தொடருக்குப் பொருள் தருகின்றனவே தவிர, அந்தப் பொருள் அந்த உறுப்புக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைத் தருவதில்லை. அவமானம் என்பது முகத்தில் வேறு எந்த உறுப்பையும் விட்டுவிட்டு மூக்கைத் தேடிப் போவது ஏன் என்பதையும், கெண்டிக்கும் குன்றிமணிக்கும்கூட மூக்கு இருப்பதாகச் சொல்கிறோமே, அந்த வழக்கு எதனால் வந்தது என்பதையும் அறிய விரும்புகிறேன். இன்னொன்று, எங்கள் பகுதிப் பிள்ளைகள் தெருமுனையைத் ‘தெரு முக்கு’ என்று பேசுவதோடு கட்டுரையிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அந்த ‘முக்கு’ மூக்கிலிருந்து பிறந்ததுதானா?

ஏட்டுவாசகன் எழுதியது:

அம்மா, தங்கள் இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதற்கேள்வியின் பாதி தானாகவே விளங்கிவிடும்.

மூக்கு என்பதற்கு மணம் அறியும் உறுப்பு என்ற பொருளோடு, ஒரு பொருளில் முன்னோக்கி நீண்டோ கூர்ந்தோ நிற்கும் நுனி என்ற பொருளும் பழங்காலத்திலிருந்தே உண்டு. திருக்குறளின் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வரும் ‘புறங்குன்றி கண்டனைய ரேனும் அகங்குன்றி மூக்கிற் கரியார் உடைத்து’ (277) என்ற குறளை மாணவர்களுக்கு எடுத்துக் காட்டலாம். குன்றிமணியின் உடல் முழுவதும் செக்கச் சிவந்திருக்க, ஒரு முனையில் மட்டும் கறுப்பு அப்பியிருக்கும்; அந்தக் கறுத்த முனையைத்தான் வள்ளுவர் ‘குன்றி மூக்கு’ என்கிறார். வெளியே குன்றியின் உடல்போலச் செம்மையாகத் தோன்றி, உள்ளே அதன் மூக்குப்போலக் கறுத்திருப்பவர்களை உடையது இவ்வுலகம் என்பது கருத்து. குன்றிமணிக்கு மோப்பமும் இல்லை, மூச்சும் இல்லை. ஆகவே அங்கே மூக்கு என்ற சொல் வடிவத்தையும் இடத்தையும் மட்டுமே குறித்து நிற்கிறது.

வீட்டுக்குள் பார்த்தாலும் இதே பொருள்தான் புழங்குகிறது. நீர் வார்க்கும் கெண்டியின் நீண்ட குழாயும், குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையின் குவிந்த முனையும், அகல் விளக்கில் திரி வந்து தங்கும் இடமும் மூக்கு என்றே சொல்லப்படுகின்றன. பறவையின் அலகு மூக்கு எனப்படுவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதிலிருந்து பிறந்த பெயர்கள் நம் பகுதியில் ஏராளம். மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவிக் கீற்றுப் போட்டு விற்கும் கிளிமூக்கு மாங்காயை நத்தம் பக்கத்தில் கல்லாமை என்றும் சொல்வார்கள். நுனி வளைந்திருப்பதால் அது கிளிமூக்கு ஆயிற்று. திண்டுக்கல், மதுரைப் பக்கங்களில் ஆர்வலர்கள் பேணி வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுவரும் கிளிமூக்கு விசிறிவால் சேவலும் அத்தகைய பெயருடையதே. இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கொண்டைக்கடலைதான். அந்தப் பருப்பில் துருத்தி நிற்கும் சிறு முனையை உச்சியில் இருப்பதாகப் பார்த்தவர்கள் அதைக் கொண்டைக்கடலை என்றார்கள்; முன்னால் இருப்பதாகப் பார்த்தவர்கள் மூக்குக்கடலை என்றார்கள். ஒரே துருத்தலுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன, கடையில் எதைக் கேட்டாலும் ஒன்றுதான் கிடைக்கும்.

‘முன்னே நீண்டு நிற்பது’ என்ற இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டால் தொடர்கள் பலவும் வரிசையாக வந்து நிற்கின்றன. அழையாத இடத்தில் ஆள் நுழைவதற்கு முன்பே அவர் மூக்கு நுழைந்துவிடுகிறது. ஆகவே ‘மூக்கை நுழைத்தல்’, ‘மூக்கை நீட்டுதல்’ என்கிறோம். எளிதில் சினம் கொள்பவருக்கு ‘மூக்கு நுனியில் கோபம்’ இருக்கிறது; அவரையே வேறு சொல்லால் முன்கோபி என்கிறோம். ‘மூக்கு நுனியும்’ ‘முன்னும்’ இங்கே ஒரே வேலையைச் செய்வதைக் கவனிக்கலாம். ‘மூக்குக்கு மேல் கோபம் வருகிறது’ என்பதை மட்டும் இதனோடு சேர்க்கக் கூடாது. அது இயல்பைக் குறிப்பதன்று, அளவைக் குறிப்பது. நீர்மட்டம் ஏறுவதைச் சொல்வதற்கு முழங்கால் அளவு, இடுப்பளவு, கழுத்தளவு என்று உடலையே அளவுகோலாகப் பயன்படுத்துவது நம் வழக்கம். அந்த அளவுகோலில் மூக்கு என்பது மூச்சுத் திணறுவதற்கு முந்திய கடைசிப் படி. அதற்கு மேல் போனால் ‘தலைக்கு மேல் வெள்ளம்’. மூக்குக்கு மேல் வந்த கோபம் இன்னும் ஒரு படி ஏறினால் ‘தலைக்கு ஏறிவிடுகிறது’. விருந்தில் ‘மூக்கு முட்டச் சாப்பிட்டான்’ என்பதும் இந்தக் கணக்கில் அடங்குவதுதான்; வயிற்றில் தொடங்கிய நிரப்பல் மூக்கை முட்டும் வரை வந்துவிட்டது என்று பொருள்.

‘மூக்கில் வியர்த்தல்’ பற்றியும் ஒரு சொல். ‘கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல’ என்ற பழமொழியின் சுருக்கம் அது. எங்கோ இரை விழுந்ததைக் கழுகு உடனே அறிந்து வந்துவிடுவதைப் போல, பந்தி போடும் வேளையில் சரியாக வந்து நிற்பவரைப் பார்த்து ‘இவனுக்கு மட்டும் எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ’ என்பார்கள். இதில் இகழ்ச்சியோடு சிறிது வியப்பும் கலந்திருப்பதால், தங்கள் மாணவியின் பழிப் பட்டியலிலிருந்து இதைப் பாதியாவது விடுவிக்கலாம்.

வைகைக்கரையோன் எழுதியது:

ஏட்டுவாசகனின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் ‘மூக்கறுபடுதல்’ என்ற தொடருக்கு அந்த விளக்கம் மட்டும் போதாது என்று கருதுகிறேன். மற்றத் தொடர்களில் மூக்கு உவமையாக வருகிறது. இதில் ஒரு காலத்தில் மெய்யாகவே நடந்த கொடுமை வந்து நிற்கிறது. அதிலும் மதுரையில் இருந்துகொண்டு இந்தத் தொடரைப் பற்றிப் பேசும்போது, திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில் நடந்த போரைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் முதுமையுற்று நோய்வாய்ப்பட்டிருந்த 1656ஆம் ஆண்டளவில், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் பகுதி வழியாக நாயக்கர் நாட்டுக்குள் நுழைந்து, வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி முன்னேறியது. அறுத்த மூக்குகளைத் தம் அரசருக்கு அனுப்பிய வீரர்களுக்குப் பரிசு வழங்கப்பட்டது என்றும், மூக்கோடு மேலுதடும் சேர்த்து அறுக்கப்பட்டது என்றும் அக்காலத்தில் மதுரை மறைபரப்புத் தளத்தில் பணியாற்றிய சேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களால் அறிகிறோம். தலைநகரே அச்சத்தில் ஆழ்ந்திருந்த நிலையில் நாயக்கர் சேதுநாட்டு மன்னர் இரகுநாத சேதுபதிக்கு ஆள் அனுப்பினார். சேதுபதி மறவர் படையோடு விரைந்து வந்து மைசூர்ப் படையைத் திண்டுக்கல் பக்கமாகத் துரத்தினார். பின்னர் நாயக்கரின் தம்பி குமாரமுத்துவின் தலைமையில் மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் புகுந்து, அங்கிருந்தவர்களின் மூக்கைப் பதிலுக்கு அறுத்தது. வரலாற்று நூல்கள் இதனை மூக்கறுப்புப் போர் என்கின்றன. சேதுபதி செய்த உதவிக்காக ‘தாலிக்கு வேலி’ என்றும் ‘இராணி சொல் காத்தவர்’ என்றும் அவருக்குப் பட்டம் கிடைத்ததாக இராமநாதபுரம் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

பகைவனைக் கொல்வதை விடுத்து மூக்கை அறுத்து உயிரோடு விட்டது ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்தவன் ஒருநாள் மறக்கப்படுவான். மூக்கறுபட்டவனோ தான் தோற்ற செய்தியைச் சாகும் வரை தன் முகத்திலேயே சுமந்து திரிவான். கை வெட்டுண்டாலும் காது அறுபட்டாலும் துணியால் போர்த்தி மறைக்கலாம். மூக்கை மறைத்தால், மறைத்திருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அவமானம் என்பது பிறர் பார்வையில் நிகழ்வது; பிறர் பார்வை முதலில் படும் இடம் மூக்கு. ஏட்டுவாசகன் கூறிய ‘முன்னே நிற்பது’ என்ற பொருள் இங்கே கொடூரமாகப் பயன்பட்டிருக்கிறது.

இந்தப் போரிலிருந்துதான் மரபுத்தொடர் தோன்றியது என்று இணையத்தில் சிலர் உறுதிபட எழுதுகிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். இராமாயணத்தில் சூர்ப்பணகையின் மூக்கை இலக்குவன் அறுத்த கதை இந்தப் போருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கம்பர் அதை விரிவாகவே பாடியிருக்கிறார். உறுப்புக் குறைந்தவரைக் குறிக்கும் ‘மூளி’ என்ற வசைச்சொல் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நம் பாட்டிமார் வாயில் வந்துவிடும். மூக்கை அறுத்தால் மானம் போகும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் முன்னமே பொதுவாக இருந்ததால்தான் மைசூர்ப் படை அதை ஓர் ஆயுதமாகக் கையாள முடிந்தது, மதுரைப் படையும் அதே மொழியில் பதில் சொல்ல முடிந்தது. போர் அந்தத் தொடரைப் படைத்தது என்பதைவிட, முன்பே இருந்த தொடரை ஊர் ஊராக நடத்திக் காட்டியது என்று சொல்வதே பொருந்தும்.

‘தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத் தடை செய்தான்’ என்ற பழமொழியையும் மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். மூக்கறையன் எதிரே வந்தால் புறப்பட்ட காரியம் கெடும் என்று முற்காலத்தார் நம்பினார்கள். பகைவன் ஒரு நற்காரியத்துக்குப் புறப்படுகிறான். அவனைத் தடுக்க வேறு வழி தெரியாத ஒருவன் தன் மூக்கைத் தானே அறுத்துக்கொண்டு அவன் எதிரே போய் நிற்கிறான். பகைவனுக்குப் போனது ஒரு நாள் பயணம், இவனுக்குப் போனது மூக்கு. உறவுக்காரர்கள் வரப்புத் தகராற்றில் இருவரும் நிலத்தை விற்று வழக்கு நடத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழி நினைவுக்கு வருவதுண்டு. ஊனமுற்றவரைத் தீய சகுனமாகக் கருதிய அந்த நம்பிக்கையை வகுப்பில் அப்படியே விட்டுவிடாமல், அது தவறு என்பதையும் ஆசிரியை அவர்கள் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

கருமாத்தூர் வாசகர் எழுதியது:

மூக்குக்குப் பெருமையே இல்லை என்ற பேச்சை எங்கள் பக்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உசிலம்பட்டி, செக்கானூரணி, ஆண்டிபட்டிப் பக்கங்களில் பழைய வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: மூக்கன், மூக்கையா, மூக்காயி, மூக்கம்மாள் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருக்கும். உசிலம்பட்டித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட பி. கே. மூக்கையாத் தேவரின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். காதன் என்றோ, பல்லாயி என்றோ யாரும் பெயர் வைப்பதில்லை. மூக்குக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு?

பெற்ற பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், பிறகு பிறக்கும் குழந்தைக்கு மூக்குக் குத்தி இந்தப் பெயரை வைப்பது வழக்கம். ஆண் குழந்தை என்றாலும் குத்துவார்கள். குறையில்லாத அழகான பிள்ளையைத்தான் காலன் கவர்ந்துகொண்டு போவான் என்பது நம்பிக்கை. ஆகவே பிள்ளையின் உடலில் ஒரு சிறு குறையை நாமே உண்டாக்கி, ‘இது உனக்கு ஆகாது, எங்களுக்கே இருக்கட்டும்’ என்று காட்டிவிடுவது. குப்பையில் போட்டு எடுத்த பிள்ளைக்குக் குப்பன், குப்பாயி என்றும், பிறரிடம் கொடுத்துப் பிச்சையாகத் திரும்பப் பெற்ற பிள்ளைக்குப் பிச்சை என்றும் பெயர் வைத்ததும் இதே காரணத்தால்தான். ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று இன்றும் பிள்ளைகளைச் சீண்டுகிறோமே, அதுவும் அந்தச் சடங்கின் மிச்சம்தான். வைகைக்கரையோன் ஐயா கூறியபடி மூக்கில் பட்ட குறை எல்லார் கண்ணிலும் முதலில் படும் என்பது உண்மையே. எங்கள் கிழவிகள் அந்த உண்மையைப் பிள்ளையின் உயிர் காக்கும் காவலாக மாற்றிக்கொண்டார்கள்.

மாட்டுக்கும் மூக்குக்கும் உள்ள தொடர்பையும் இங்கே சொல்ல வேண்டும். மூக்குக் குத்தி மூக்கணாங்கயிறு போட்ட பிறகுதான் ஒரு காளை ஆளின் சொல்லுக்குக் கட்டுப்படும். அதனால்தான் ஊர்சுற்றும் இளைஞனைப் பார்த்து ‘இவனுக்குச் சீக்கிரம் ஒரு மூக்கணாங்கயிறு போட வேண்டும்’ என்று பெரியவர்கள் சொன்னால் அங்கே கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள். அவனியாபுரத்தில் தை முதல் நாளும், பாலமேட்டில் இரண்டாம் நாளும், அலங்காநல்லூரில் மூன்றாம் நாளும் சல்லிக்கட்டு நடக்கும்போது வாடிவாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. காளை பாய்வதற்குச் சற்று முன்பு அதன் மூக்கணாங்கயிற்றை உருவாஞ்சுருக்கை அவிழ்ப்பதுபோல நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அறுத்துத்தான் விடுவார்கள். மனிதனுக்கு மூக்கு அறுந்தால் மானம் போயிற்று. காளைக்கு மூக்கணாங்கயிறு அறுந்தால் அதுதான் அதன் நேரம்.

கல்தச்சன் பேரன் எழுதியது:

சுருக்கமாக ஒரு குறிப்பு. மூக்கு, நாசி என்ற இரண்டு சொற்களுக்கும் வழக்கில் உள்ள வேறுபாட்டை மாணவியிடம் சொன்னால் அவளுக்குப் பாதி விடை கிடைக்கும். அழகைப் பாட வந்த புலவர்கள் ‘எள்ளுப்பூ நாசி’ என்றும், குமிழம்பூவை ஒத்தது என்றும் பாடுவார்கள். மருத்துவர் நாசித் துவாரம் என்று எழுதுவார். ஆனால் எவருக்கும் ‘நாசி அறுபட்டது’ என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை, ‘நாசி முட்டச் சாப்பிட்டேன்’ என்றும் சொல்வதில்லை. வடமொழியிலிருந்து வந்த சொல் மரியாதையான இடங்களை எடுத்துக்கொண்டது. வீட்டுச் சொல்லான மூக்கு கோபம், பசி, சளி, சண்டை எல்லாவற்றையும் சுமந்தது. ஆகவே மூக்கு செய்த பாவம், அது நம்மோடு அன்றாடம் புழங்கியதுதான்.

எங்கள் தொழிலிலும் நாசிதான் வழங்குகிறது. கோயில் விமானத்தில் குதிரை லாட வடிவில் முன்துருத்தி நிற்கும் உறுப்பை நாசிகை என்றும், சிகரத்தில் அமையும் பெரியதை மகாநாசி என்றும் சொல்வோம். விமானத்தின் முகப்பில் நீண்டு நிற்கும் பகுதிக்குச் சுகநாசி என்று பெயர். சுகம் என்றால் கிளி, ஆகவே அதுவும் கிளிமூக்குதான். மாங்காய்க்கும் சேவலுக்கும் கோயிலுக்கும் ஒரே பறவையின் மூக்கு உவமையாகியிருக்கிறது என்பதை மீனாட்சியம்மன் கோயில் கிளிக்கூண்டு மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

புதுமண்டபம் முதலிய இடங்களில் உள்ள பழைய தூண் சிற்பங்களைப் பார்ப்பவர்கள், யாரோ பகைவர்கள் வந்துதான் மூக்கை உடைத்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்வார்கள். அப்படி நடந்த இடங்களும் உண்டு. ஆனால் கல்லில் செதுக்கிய முகத்தில் மிகவும் வெளியே நிற்பதும் மிக மெலிதானதும் மூக்குதான். சாரக் கம்பு இடித்தாலும், சிலை சாய்ந்தாலும், முதலில் போவது அதுவே. மூலவர் சிலையில் அவ்வாறு நேர்ந்தால் அது பின்னமான மூர்த்தி ஆகிவிடும். பூசைக்கு வேறு சிலை செய்தாக வேண்டும்.

திருமங்கலத்து ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூக்கன், மூக்காயி என்ற பெயர்களின் காரணத்தைப் படித்தபோது, எங்கள் வகுப்பிலேயே பாட்டியின் பெயர் மூக்கம்மாள் என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் சிலர் இருப்பார்கள் என்பதால், அந்தப் பாடத்தை வீட்டில் கேட்டு எழுதிவரும் பயிற்சியாகவே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. மூக்கறுப்புப் போரை எட்டாம் வகுப்புக்குக் கீழே சொல்லப் போவதில்லை.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ‘மூக்கால் அழுதல்’ என்பது, மனமில்லாமல் ஒன்றைச் செய்பவர் முணுமுணுப்பதைக் குறிக்கிறது. அழுகை கண்ணில் அல்லவா நிகழ்கிறது? தெரு முக்கைப் பற்றியும் யாரும் இன்னும் எழுதவில்லை.

ஏட்டுவாசகன் எழுதியது:

மூக்கால் அழுதல் என்பதில் கண்ணீரைவிடக் குரல்தான் முதன்மையானது. கடன் கேட்டு வந்தவருக்கு மறுக்கவும் முடியாமல் கொடுக்கவும் மனமில்லாமல் ஒருவர் பணத்தை எடுத்துக் கொடுக்கும்போது, அவர் பேச்சு வாய்வழியே நிமிர்ந்து வராமல் மூக்கு வழியே இழுபட்டு வரும். கண்ணீர் விடாமலே அழுகையின் ஓசையை மட்டும் எழுப்புவதால் அது மூக்கால் அழுவதாயிற்று. ‘மூக்கைச் சிந்துதல்’ இதற்கு நேர் மாறானது: அங்கே கண்ணீரும் சளியும் மெய்யாகவே உண்டு, ஆனால் காரணம்தான் அற்பம்.

பேச்சொலியில் மூக்குக்குப் பங்கு உண்டு என்பதைத் தொல்காப்பியரே பிறப்பியலில் கூறியிருக்கிறார். எழுத்துகள் பிறக்கும் இடங்களை எண்ணும்போது பல், இதழ், நா, அண்ணம் ஆகியவற்றோடு மூக்கையும் சேர்க்கும் அவர், மெல்லெழுத்து ஆறும் தத்தமக்குரிய இடத்தில் பிறந்தாலும் ‘மூக்கின் வளியிசை யாப்புறத் தோன்றும்’ என்கிறார். ககரத்துக்கு ஙகரம், பகரத்துக்கு மகரம் என்று ஒவ்வொரு மெல்லினமும் ஒரு வல்லினத்தோடு இடத்தைப் பகிர்ந்துகொள்கிறது. வேறுபடுத்துவது மூக்கு வழியே செல்லும் காற்று ஒன்றே. சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்ட குழந்தை ‘அம்மா’ என்று அழைத்தால் ஏறக்குறைய ‘அப்பா’ என்று கேட்பது இதனால்தான். இலக்கண வகுப்பில் இனவெழுத்துப் பாடம் நடத்தும் நாளில் மாணவர்களை மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லினத்தைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். நூற்பாவை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது.

தெரு முக்கு விஷயத்தில் என் கருத்து, அதையும் மூக்கையும் இரண்டு சொற்களாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது என்பதுதான். தெருவின் நுனி மூக்குப் போல நீண்டிருப்பதால் மூக்கு என்பது முக்கு என்று குறுகிவிட்டது எனச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். தெலுங்கில் மூக்கையே ‘முக்கு’ என்று குறிலாகச் சொல்வதால், நாயக்கர் காலத்தில் வந்த வழக்கு இது என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டதும் உண்டு. ஆனால் மலையாளத்தில் உறுப்புக்கு நெடிலோடு ‘மூக்கு’ என்றும், சாலைகள் கூடும் சந்திக்குக் குறிலோடு ‘முக்கு’ என்றும் இரண்டும் அருகருகே வழங்குகின்றன. அங்கே ஊர்ப் பெயர்களிலேயே இந்த முக்கு இருக்கிறது. மதுரையிலும் தெற்கேயும் வழங்குவது அதே சொல்தான் என்று கொண்டால் தெலுங்கைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. தமிழில் குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றுவது. ‘முக்குக் கடை’ என்பதை ‘மூக்குக் கடை’ என்று எழுதினால் மூக்குப்பொடி விற்கும் கடை என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

கட்டுரையில் மாணவர் ‘தெரு முக்கு’ என்று எழுதினால், கட்டுரை நடைக்குத் ‘தெருமுனை’ என்று திருத்தலாம். சிறுகதையிலோ உரையாடலிலோ எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலமாசி வீதி முக்கில் நின்றுகொண்டு ஒருவன் ‘தெருமுனையில் நிற்கிறேன்’ என்று அலைபேசியில் சொன்னால், அவன் வெளியூர்க்காரன் என்று பக்கத்தில் நிற்பவர் உடனே கண்டுகொள்வார்.